வெள்ளைக் கவுனும் ஒரு மாடி அறையும்: வாசகர் கேள்விகள்

மதுரை கீழவெளி வீதிப் பக்கம், தூய மரியன்னை பேராலயத்தின் மணியோசை கேட்கும் தொலைவில் உள்ள ஒரு மாடி அறையில், 19 ஆண்டுகளாகக் கிறிஸ்தவ மணப்பெண்களுக்குக் கவுன் வடிவமைத்துத் தைத்து வருபவர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். எந்தக் கடையின் கீழும் வேலை செய்யாமல், ஒரு கட்டிங் மாஸ்டரையும் ஆரி வேலை செய்யும் இரண்டு பெண்களையும் உடன் வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்துகிறார்.

என் மகளுக்கு 22 வயது. தையல் பயிற்சி முடித்து, இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். இனி ஜாக்கெட் தைக்க மாட்டேன், கல்யாணக் கவுன் மட்டும்தான் தைப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். மதுரைப் பக்கம் இதை நம்பிப் பிழைக்க முடியுமா அம்மா?
– ஒரு தாய், மேலூர்

பிழைக்கலாம். ஆனால் ஜாக்கெட்டை இப்போதே விட்டுவிட வேண்டாம் என்று உங்கள் மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவளுடைய ஆசை நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கல்யாணக் கவுன் நாள்காட்டிக்குக் கட்டுப்பட்ட தொழில். கத்தோலிக்கக் குடும்பங்களில் சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரையுள்ள தவக்காலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்திலும் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். அந்த நெரிசலிலும் நான் மாதத்துக்கு இரண்டு கவுனுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. மூன்றாவதை ஒப்புக்கொண்ட ஓராண்டில் மூன்றுமே எனக்குத் திருப்தியில்லாமல் போயின. அந்த மூன்று பெண்களும் என்னைக் குறை சொல்லவில்லை என்றாலும், அவற்றின் படங்களை நான் இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

வேலை இல்லாத மாதங்களில் என் அறைக்கு வாடகை கட்டியது ஜாக்கெட்டுகளும், புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, வாங்கும் குழந்தைகளின் வெள்ளை கவுன்களும்தான். புதுநன்மைக் கவுனை யாரும் பெரிதாக நினைப்பதில்லை; எனக்கோ அதுதான் பள்ளிக்கூடம். சாட்டின், நெட், லைனிங் என்று கல்யாணக் கவுனில் இருக்கும் அத்தனையும் அதில் சிறிய அளவில் இருக்கிறது. கை தவறினாலும் ஒன்றரை மீட்டர் துணியோடு நஷ்டம் முடிந்துவிடும். எட்டு வயதுக் குழந்தை ஓரிடத்தில் நிற்காது என்பதால், ஓடினாலும் உட்கார்ந்தாலும் கலையாத உடையைத் தைக்கும் பழக்கமும் தானாக வந்துவிடும். ஓராண்டு முழுவதும் புதுநன்மைக் கவுன்களைத் தைத்துவிட்டு முதல் மணப்பெண்ணைத் தேடச் சொல்லுங்கள்.

ஒரு கவுனுக்கான யோசனை உங்களுக்கு எங்கிருந்து வருகிறது? முதலில் படம் வரைவீர்களா, துணியைப் பார்த்து முடிவு செய்வீர்களா? நானும் இந்தத் துறையில் படிக்கிறேன். எங்களுக்கு எப்போதும் படம் வரையத்தான் சொல்லித் தருகிறார்கள்.
– ஒரு மாணவி, திண்டுக்கல்

படம் வரையக் கற்றுக்கொள்ளுங்கள், அது தேவைதான். ஆனால் என் கவுன் எதுவும் படத்திலிருந்து தொடங்கியதில்லை. மணப்பெண் முதல்முறை வரும்போது நான் காகிதமே எடுப்பதில்லை. கல்யாண நாளன்று காலை முதல் இரவு வரை அவள் என்னென்ன செய்யப்போகிறாள் என்று வரிசையாகக் கேட்கிறேன். எந்த ஆலயம், எத்தனை மணிக்குத் திருப்பலி அல்லது ஆராதனை, ஆலயத்துக்குக் காரில் வருகிறாளா வேனில் வருகிறாளா, பீடத்தின் முன் முழந்தாளிட வேண்டுமா, தாலியை முடிபோடப் போகும் நாத்தனார் உயரமா குள்ளமா, மாலை எவ்வளவு கனம், கூறைப் புடவைக்கு எப்போது மாறுவாள் என்றெல்லாம் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிடும். கூட வந்த தாய்மார்கள் சிலர், இதற்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்ப்பார்கள். என் வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்திலிருந்துதான் வருகிறது.

தாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கவுன்களின் படங்களில் பின்கழுத்து வரை லேஸ் ஏறி, அதன்மேல் ஒரு வரிசைப் பொத்தான் இருக்கும்; பார்க்க அழகாகவே இருக்கும். அந்தக் கழுத்தை வரைந்தவர் தாலியை நினைத்து வரையவில்லை. நம் ஊரில் மணமகன் தாலியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கட்ட வேண்டும், நாத்தனார் முடிபோட வேண்டும், இரண்டையும் தலையிலிருந்து இறங்கும் நெட்டை விலக்கிக்கொண்டு செய்ய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் தைத்த ஒரு கவுனில், பின்கழுத்து லேஸின் முனையில் மஞ்சள் கயிற்றின் இழை சிக்கிக்கொண்டது. பீடத்தின் முன்னால் மூன்று பேர் குனிந்து அதை எடுக்கப் போராடினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு, பின்கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் துணி விட்டு, வேலைப்பாட்டை அதற்குக் கீழே தொடங்குவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். தலை நெட்டைச் சீப்பில் கோர்க்கும்போதும் நடுவில் பிளவு விடுகிறேன். இரு பக்கமும் திரைபோல் விலக்கினால் கழுத்து தெரியும். என் கவுன்களில் அந்தப் பிளவைப் பார்த்துவிட்டு, எங்கே கற்றீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு.

மாலையும் அப்படித்தான். மதுரை மல்லியைக் கட்டி ரோஜா வைத்த கல்யாண மாலை ஈரத்தோடு கழுத்தில் ஏறும். மார்பில் கண்ணாடி மணியும் சமிக்கியும் நெருக்கமாகத் தைத்திருந்தால், மாலையின் நாரும் வாழைநாரும் அவற்றில் மாட்டி இழுக்கும். ஆகவே மாலை படும் இரண்டு தோள்பட்டைப் பாதையிலும் மணி வைக்காமல், நூலால் மட்டும் ஆரி வேலை செய்யச் சொல்கிறேன். படத்தில் பார்ப்பவர்களுக்கு அது மணி வேலைக்கு நடுவே ஓய்வு கொடுத்ததுபோல் அழகாகத் தெரிகிறது. காரணம் மாலைதான் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்து நான் எடுப்பது விலை குறைந்த காடா துணி. அதில் முழுக் கவுனையும் வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, பெண்ணுக்கு உடுத்திப் பார்ப்பேன். உடுத்தியதும் நிற்க வைத்து அழகு பார்ப்பதில்லை. முழந்தாளிடச் சொல்வேன், நாற்காலியில் உட்காரச் சொல்வேன், கையைத் தூக்கி எனக்கே ஒரு மாலை போடச் சொல்வேன். அப்போது எங்கே இழுக்கிறது, எங்கே தூக்குகிறது, எங்கே மூச்சு முட்டுகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, பிரித்து, மறுபடி வெட்டுகிறேன். ஒரு பெண்ணுக்கு மூன்று காடா மாதிரி கூடப் போயிருக்கிறது. மாதிரிக்குத் தனியாகப் பணம் வாங்குகிறீர்களே என்று கோபித்துக்கொண்ட ஒரு தந்தை, இரண்டாம் மாதிரியில் தன் மகள் முழந்தாளிட்டு எழுந்ததைப் பார்த்துவிட்டு, மூன்றாவதற்கு அவராகவே பணத்தை எடுத்து வைத்தார்.

படம் வரையாமல் துணியிலேயே சிந்தித்த பெரியவர்கள் இருக்கிறார்கள். பிரான்சின் மடலேன் வியோனே, பாதி அளவுள்ள ஒரு மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றியே தன் உடைகளை உருவாக்கினார். துணியைக் குறுக்குவாட்டில், அதாவது இழைகளுக்கு 45 பாகைச் சாய்வில் வெட்டும் கிராஸ் கட்டிங்கை ஒரு கலையாக உயர்த்தியவர் அவர். நம் ஊர் ஜாக்கெட்டில் கிராஸ் கட்டிங் வேண்டும் என்று கேட்கும் பெண்கள் எல்லாரும் அந்தச் சாய்வின் அருமையை உடம்பால் அறிந்தவர்கள்தான்: குறுக்கே வெட்டிய துணி உடம்போடு போகும், பிடித்து இழுக்காது. ஆனால் அப்படி வெட்டிய கவுன் தன் கனத்திலேயே நீளும். வெட்டித் தைத்த பின் ஒரு முழு நாளாவது தொங்கவிட்டு, அது நீளும் வரை நீண்ட பிறகே அடி மடிக்க வேண்டும். அதையும் மணப்பெண் கல்யாணத்துக்குப் போடும் அதே செருப்போடு நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும்.

உங்கள் வகுப்பில் படம் வரையச் சொன்னால் வரையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைக் காடா துணியில் வெட்டி, தோழிக்கு உடுத்தி, அவளை முழந்தாளிட வையுங்கள்.

என் அப்பா புதுமண்டபத்தில் தையல் இயந்திரம் போட்டிருந்தவர். எனக்கும் தையல் தெரியும். கவுன் வடிவமைப்பில் ஆர்வம் இருக்கிறது. ஆனால் மணப்பெண் உடையை ஆண் தைத்தால் யார் வருவார்கள் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
– 24 வயது இளைஞர், திருமங்கலம்

தம்பி, புதுமண்டபத்துத் தையல்காரரின் மகன் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கு இடையே வரிசையாக இயந்திரம் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள்தானே. துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலைச் சுற்றி வருவதற்குள் பாவாடையும் ஜாக்கெட்டும் தைத்துக் கொடுத்த அந்தக் கைகளை நம்பி மதுரைப் பெண்கள் பல தலைமுறைகளாக உடுத்தியிருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது, எனக்கு ஒரு பள்ளியே இடம் மாறியதுபோல் இருந்தது. என் கட்டிங் மாஸ்டரும் அங்கே வேலை பழகியவர்தான். சாக்குக்கட்டியே தொடாமல், நகத்தால் கீறி அவர் வெட்டும் கைக்குழி வளைவை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உலகத்தில் வடிவமைப்பாளர் என்ற பெயரோடு உடை தைப்பதைத் தொழிலாக நிலைநாட்டியவர்களில் முதல்வராகச் சொல்லப்படும் சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த் ஓர் ஆண். 1858இல் பாரீசில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆகவே கேலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். அளவெடுக்கவும் உடுத்திப் பார்க்கவும் ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்காவோ அம்மாவோ இருந்தால்கூடப் போதும். அறைக்குக் கதவும் திரையும் வேண்டும். மணப்பெண்ணின் அம்மா எப்போதும் உள்ளே இருக்கலாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

வெள்ளைக் கவுன் வெள்ளைக்காரர்களின் வழக்கம்தானே? எங்கள் காலத்தில் வெள்ளைப் பட்டுப்புடவைதான் கட்டினோம். இந்தக் காலத்துப் பெண்களுக்கு நீங்கள் நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, இடைக்காட்டூர்

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது டீச்சர். என் அம்மாவும் வெள்ளைப் புடவையில்தான் பீடத்தின் முன் நின்றார். அந்தப் புடவையை இன்றும் வைத்திருக்கிறேன். கவுன் வேண்டாம், புடவையே போதும் என்று வரும் பெண்களுக்கு வெள்ளைப் புடவையில் ஓரம் வைத்துக் கொடுப்பதையும் மனமாரச் செய்கிறேன்.

ஆனால் வழக்கம் என்று நாம் நினைப்பதன் வயதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலேயே மணப்பெண் வெள்ளை உடுத்துவது பழங்காலம் தொட்டு வந்த விதி அல்ல. பெரும்பாலான பெண்கள் தங்களிடம் உள்ள நல்ல உடையை, அது எந்த நிறமானாலும், உடுத்திக்கொண்டு கல்யாணம் செய்தார்கள். விக்டோரியா அரசி 1840 பிப்ரவரி 10இல் வெள்ளை சாட்டினும் ஹானிட்டன் லேஸும் அணிந்து மணந்த பிறகே அந்த நிறம் மெல்ல எல்லாருக்குமான ஆசையாயிற்று. அவர் அந்த லேஸைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், நலிந்துகொண்டிருந்த இங்கிலாந்து லேஸ் பின்னுவோருக்கு அது வேலை கொடுக்கும் என்பது.

லேஸுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்றும் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் நாகர்கோவிலில் கிறிஸ்தவ ஊழியரின் மனைவியான மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் கூடவே போயிற்று. கட்டையில் சுற்றிய நூல்களை ஊசிகளுக்கு இடையே மாற்றி மாற்றிப் பின்னி, நம் தென்மாவட்டப் பெண்கள் கஞ்சிக்கு வழி தேடியிருக்கிறார்கள். மணப்பெண்ணின் கவுன் ஓரத்தில் லேஸை வைக்கும்போது அந்தப் பெண்களை நான் நினைக்காமல் இருப்பதில்லை.

கவுனை நம் ஊர் உடையாக்க நான் என் அளவில் முயன்றுகொண்டும் இருக்கிறேன். ஒன்றைச் சொல்கிறேன். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைச் சுங்குடியில், சௌராட்டிரப் பெண்கள் துணியை நகநுனியில் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சுப் போடுவார்கள். சாயத்தில் முக்கிப் பிரித்தால் முடிச்சு இருந்த இடம் புள்ளியாக நிற்கும். சாயமே இல்லாமல் அந்த முடிச்சை மட்டும் ஆர்கன்சா என்னும் மெல்லிய, விறைப்பான வெள்ளைத் துணியில் கொண்டுவந்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவிடம் பாலியஸ்டர் ஆர்கன்சாவைக் கொடுத்தேன். வழுக்குகிறதே என்று முதலில் திட்டினார். இரண்டு நாளில் ஈர விரலால் கிள்ளும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார். முடிச்சோடு ஆவியில் வேகவைத்து, முழுவதும் ஆறிய பிறகு நூலைப் பிரித்தோம். சூட்டில் படிந்த மடிப்பை பாலியஸ்டர் விடாது. ஒவ்வொரு முடிச்சும் மல்லிகை மொட்டைப்போல் சிறிய கூம்பாகத் துணியிலேயே எழுந்து நின்றது. பட்டு ஆர்கன்சாவில் செய்திருந்தால் ஒருமுறை ஈரம் பட்டதும் படுத்துவிடும். அந்த மொட்டுகளைத் தலை நெட்டின் ஓரம் முழுவதும் வைத்தோம். கல்யாணத்தன்று அந்த அம்மாவே ஆலயத்துக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, வெள்ளையிலும் சுங்குடி சுங்குடிதான் என்றார். டீச்சர், நீங்கள் மதுரைக்கு வரும்போது அதன் மிச்சத் துண்டை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

எனக்கு உயரம் 5 அடி. பின்னால் தரையில் புரண்டு வரும் ட்ரெய்ல் 10 அடி நீளத்துக்கு வேண்டும் என்று ஆசை. வைக்கலாமா?
– மணப்பெண், சோழவந்தான்

உங்கள் ஆலயத்தின் நடுப்பாதை அகலத்தையும், யார் அதைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். 1981இல் இங்கிலாந்து இளவரசி டயானா தன் கல்யாணத்துக்கு அணிந்த கவுனின் ட்ரெய்ல் 25 அடி. அது டாஃபெட்டா பட்டு. குதிரை வண்டிக்குள் மடிந்து, இறங்கும்போது கசங்கலோடுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 10 அடி வேண்டுமென்றால் கசங்காத நெட்டில் தனியாகச் செய்து, இடுப்பில் கொக்கி வைத்து மாட்டித் தருகிறேன். ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் கழற்றிவிடலாம். முழு வட்டப் பாவாடையும் சேர்ந்தால் கனம் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 28 அங்குல இடுப்பும் 42 அங்குல நீளமும் உள்ள ஒரு முழு வட்டத்தின் அடிச்சுற்று மட்டும் ஏறத்தாழ 8 கெஜம் வரும். உள்ளே பாவாடையை உப்ப வைக்கும் கேன்கேன் நெட் எத்தனை அடுக்கோ அத்தனை முறை அந்த 8 கெஜம். இந்தக் கனம் தோளில் தொங்கக் கூடாது. கவுனுக்கு உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு கெட்டி நாடா வைத்து முன்னால் கொக்கி போட்டுவிடுவேன். கனம் முழுவதையும் அந்த நாடா தாங்கிக்கொள்ளும்.

நான் வடிவமைத்த ஒரு கவுனின் படத்தை வெளியிட்டேன். இரண்டே மாதத்தில் பக்கத்து ஊர்க் கடை ஒன்று அதே கையையும் அதே முதுகு வேலையையும் அப்படியே தைத்து, பாதி விலைக்கு விற்கிறது. சட்டத்தில் வழி உண்டா?
– சக வடிவமைப்பாளர், விருதுநகர்

இது எனக்கும் நடந்திருக்கிறது. அந்த எரிச்சல் என்னவென்று எனக்குத் தெரியும். சட்டத்தில் வழி உண்டு, ஆனால் முன்கூட்டியே அந்த வழியில் போயிருக்க வேண்டும். உடையின் தோற்றத்தை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் அந்த வடிவம் புதியதாக இருக்க வேண்டும், வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். படத்தை ஊருக்குக் காட்டிவிட்டுப் பிறகு பதிவு செய்யப் போவது பயன் தராது. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, அதை வைத்து உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமையும் போய்விடும். நம்மைப் போன்றோர் ஒவ்வொரு வடிவத்திலும் ஒன்றே ஒன்று தைப்பவர்கள் என்பதால் அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை; ஆயினும் வழக்கறிஞரிடம் நேரில் காகிதங்களைக் காட்டிக் கேளுங்கள்.

நான் செய்வது வேறு. கல்யாணம் முடிந்து மணப்பெண் சம்மதம் கொடுத்த பிறகே படத்தை வெளியிடுகிறேன். முதுகு வேலையின் நெருக்கப் படத்தை வெளியிடுவதே இல்லை. மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. வேறொருவர் வடிவமைத்த கவுனின் படத்தைக் கொண்டுவந்து இதையே தைத்துக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் மாதந்தோறும் வருகிறார்கள். அந்தப் படத்தில் எது பிடித்தது என்று கேட்பேன். கையின் உப்பலோ, இடுப்பின் வெட்டோ என்று ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார்கள். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அந்தப் பெண்ணுக்காகப் புதிதாகச் செய்கிறேன். அப்படியே வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்பவர்களைக் கைகூப்பி அனுப்பிவிடுகிறேன். அந்த வருமானம் போவது வலிக்கத்தான் செய்கிறது. நம்முடையதைத் திருடுகிறார்கள் என்று வருந்தும் கை, பிறருடையதைத் தைக்கக் கூடாது.

கல்யாணக் கவுனை எப்படிப் பத்திரப்படுத்துவது? பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டி வைத்திருக்கிறேன்.
– புதுமணப்பெண், பழங்காநத்தம்

இன்றே பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள். வியர்வையும், கண்ணுக்குத் தெரியாமல் தெறித்த கேக்கும் குளிர்பானமும் நாளாக நாளாகப் பழுப்புக் கறையாகும். முதலில் நல்ல டிரை கிளீனரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். மாட்டி வைத்தால் மணி வேலையின் கனம் தோளை இழுத்துவிடும். கஞ்சியில்லாமல் துவைத்த வெள்ளை மல் துணியில், நம் பாட்டிமார் பட்டுப்புடவையைச் சுற்றியதுபோல் சுற்றிப் படுக்கை வாட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை துணியில் நேராகப் படக் கூடாது.

சென்ற தை மாதம் நான் தைத்த கவுன் கல்யாணத்தன்று காலையில் பெண்ணுக்கு ஏறவில்லை. முதுகு ஜிப் பாதியில் நின்றுவிட்டது. ஊக்கு குத்தி ஒப்பேற்றினோம். அந்தப் பெண் அழுத முகம் கண்ணிலேயே நிற்கிறது. அதன்பின் வெள்ளைத் துணியில் கத்தரிக்கோல் வைக்கவே கை நடுங்குகிறது. தொழிலை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் அக்கா.
– தையல் கலைஞர், உசிலம்பட்டி

விடாதீர்கள் தங்கச்சி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண்ணின் முகம் உங்கள் கண்ணில் நிற்கிறது என்பதே நீங்கள் இந்த வேலையில் இருக்க வேண்டியவர் என்பதைச் சொல்கிறது.

ஆன் லோ என்ற கறுப்பின அமெரிக்கப் பெண்மணியின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அலபாமாவில் தையல்காரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1953 செப்டம்பர் 12இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியை மணந்த ஜாக்குலினின் கவுனை நியூயார்க்கில் அவர்தான் தைத்தார். கல்யாணத்துக்கு ஏறத்தாழ பத்து நாள் இருக்கும்போது அவருடைய பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து, முடிந்திருந்த மணப்பெண் கவுனும் தோழியரின் உடைகளில் பெரும்பகுதியும் பாழாயின. புதிதாகத் துணி வாங்கி, இரவும் பகலும் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடி தைத்து உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். லாபம் வர வேண்டிய வேலையில் இரண்டாயிரம் டாலருக்கு மேல் நஷ்டப்பட்டார். நடந்ததை அந்தக் குடும்பத்திடம் சொல்லவும் இல்லை. அத்தனை பெரிய கல்யாணத்தின் செய்திகளில் அன்று அவருடைய பெயர் ஏறத்தாழ இல்லவே இல்லை. அவர் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தைத்தார்.

என் கதை அவ்வளவு பெரிதல்ல. தொழில் தொடங்கிய நான்காம் ஆண்டு, சாட்டின் கவுனுக்குக் கடைசி இஸ்திரி போடும்போது ஆவிப் பெட்டியிலிருந்து துருவேறிய தண்ணீர் மார்பின் நடுவில் சொட்டியது. மூன்று துளிதான், மிளகு அளவுதான் இருக்கும். மறுநாள் காலை கல்யாணம். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் கட்டிங் மாஸ்டர் எதுவும் பேசாமல், அடியில் மிஞ்சிய துணியிலிருந்து மூன்று சின்னப் பூ வெட்டி, ஓரத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் சுருட்டி, அந்த மூன்று இடத்திலும் வைத்து, நடுவில் ஒவ்வொரு முத்து தைத்தார். மூன்று பூ மட்டும் இருந்தால் கறையை மறைத்ததுபோல் தெரியும் என்று, விடியும் வரை இருவருமாக இன்னும் பதினான்கு பூ தைத்து இடுப்புவரை இறக்கினோம். அந்தக் கவுனைப் பார்த்துவிட்டு வந்த மூன்று பெண்கள் அதே பூக்கள் வேண்டும் என்று கேட்டார்கள். அன்று முதல் இஸ்திரிப் பெட்டியில் வடிகட்டிய தண்ணீர்தான் ஊற்றுகிறோம். துணிக்கும் பெட்டிக்கும் நடுவில் எப்போதும் ஒரு மல் துணி இருக்கும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏறாத கவுனுக்குக் காரணம் உங்கள் கத்தரி அல்ல, அளவெடுத்த நாள். கல்யாணம் பேசி முடித்த பெண்ணின் உடம்பு மாதந்தோறும் மாறும். சிலர் கவலையில் இளைப்பார்கள், சிலர் விருந்துகளில் ஒரு சுற்றுப் பெருப்பார்கள். முதல் அளவை வைத்து வெட்டுங்கள், ஆனால் கல்யாணத்துக்குப் பத்து நாளுக்குள் கடைசி அளவு பார்க்காமல் முதுகை மூடாதீர்கள். இரு பக்கத் தையலிலும் உள்ளே ஒவ்வோர் அங்குலம் துணி விடுங்கள். லைனிங்கிலும் அதே அளவு விட வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஜிப்பை நம்ப வேண்டாம். முதுகில் இரு பக்கமும் துணிக் கண்ணிகள் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நாடா கோர்த்து இழுத்துக் கட்டும்படி செய்யுங்கள். உள்ளே அதே துணியில் ஒரு பட்டை வைத்துவிட்டால் முதுகு தெரியாது. இரண்டு மூன்று அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அந்த நாடா சமாளித்துவிடும். ஆலயத்தில் தோளும் முதுகும் மூடியிருக்க வேண்டும் என்று சொல்லும் பங்குத்தந்தையர் உண்டு. அவர்களுக்கும் அது சரியாக இருக்கும்.

கை நடுங்குவது நிற்கும் வரை வெள்ளை சாட்டினைத் தொட வேண்டாம். நான்கு மீட்டர் காடா வாங்கி, உங்கள் அளவிலேயே இந்த நாடா முதுகை ஒருமுறை தைத்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு இடையே முக்கால் அங்குலம் இருக்கட்டும். முடித்ததும் மதுரைக்கு வாருங்கள். வரும்போது அந்தக் காடா மாதிரியையும், அன்று ஏறாத கவுனின் அளவுச்சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். என் மாஸ்டரும் நானும் உட்கார்ந்து பார்க்கிறோம்.